"நம்பரெல்லாம் கிடையாது அண்ணே" என்று சொல்லிவிடாதீர்கள்

சிங்கப்பூரில் தேர்தல் எப்படி நடக்கிறது என்று பெரியவர்களுக்கு விளக்கப் போகும் புதுத் தொண்டூழியர்களின் ஒத்திகையை அண்மையில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நான் கோட்டை விட்ட அதே இடங்களில் அவர்களும் விட்டார்கள். எந்தக் கட்சிக்கும் சாயாதே, நேரத்துக்கு வா என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விடுவோம்.

வாக்குச்சீட்டில் நம்பர் இருக்கிறதா?

இருக்கிறது. இந்த ஒரு சொல்லைச் சொல்லத் தயங்கி நான் பட்டது போதும்.

2015 பொதுத்தேர்தலுக்கு முன்பு ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) புளோக்கின் கீழ்த்தளத்தில் கூட்டம். இருபது பேர், பாதிப் பேர் தேநீருக்காக வந்தவர்கள். ஜோகூரிலிருந்து வந்து குடியுரிமை வாங்கி, முதல் முறை வாக்களிக்கப் போகும் டாக்சி ஓட்டுநர் ஒருவர் எழுந்தார். "தம்பி, சீட்டுல நம்பர் போட்டிருக்காமே, நான் யாருக்குப் போட்டேன்னு பார்த்துட மாட்டாங்களா?"

நம்பர் இருப்பது எனக்கும் தெரியும். விளக்கப் போனால் பயம் கூடிவிடும் என்று நினைத்தேன். நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. "அதெல்லாம் சும்மா பேச்சு, நம்பரெல்லாம் கிடையாது அண்ணே" என்று சிரித்தபடி முடித்துவிட்டேன். முன்பே வாக்களித்த இரண்டு மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கண்டுகொள்ளவில்லை.

வாக்களிப்பு நாளில் அவர் சீட்டைக் கையில் வாங்கினார். நம்பர் இருந்தது. அது போதாதென்று, அதே வட்டாரத்தில் மலாய் நண்பர்கள் நடத்திய கூட்டத்தில் "நம்பர் உண்டு, காரணம் இது" என்று ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார்கள். கோப்பிக்கடையில் அவருடைய மலாய்க் கூட்டாளி அதைச் சொல்ல, நான் சொன்னதை இவர் சொல்ல, என் மானம் கோப்பியோடு கலக்கப்பட்டது. பிறகு என்னைப் பார்த்தபோது அவர் கோபப்படக்கூட இல்லை. "நம்பர் விஷயத்துலயே பொய் சொன்ன ஆளு, மத்ததை மட்டும் எப்படி நம்புறது?" என்றார். அன்று நான் சொன்ன உண்மைகளும் அந்த ஒரு பொய்யோடு போயின. அடுத்த மூன்று வருடம் அந்த புளோக்கில் நாங்கள் போட்ட நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

எரிச்சல் என்னவென்றால், மறைக்க அதில் ஒன்றுமே இல்லை. கள்ளச்சீட்டையும் ஆள்மாறாட்டத்தையும் தடுக்கத்தான் சீட்டில் வரிசை எண் இருக்கிறது. எண்ணி முடித்ததும் சீட்டுகளும் அவற்றைக் கிழித்தபின் மிஞ்சும் அடிக்கட்டைகளும் முத்திரையிடப்பட்டு உச்ச நீதிமன்றப் பெட்டகத்தில் ஆறு மாதம் இருக்கும், பிறகு அழிக்கப்படும். நடுவில் எடுத்துப் பார்க்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். மோசடி வாக்குகள் விழுந்து, அதனால் முடிவே மாறியிருக்கலாம் என்று தெரிந்தால்தான் அதுவும் கிடைக்கும். "அப்போ பார்க்க வழி இருக்குல்ல?" என்று ஓர் ஆன்ட்டி கட்டாயம் கேட்பார். ஆமாம் என்று சொல்லுங்கள். அந்த ஆமாமைக் கேட்ட பிறகுதான் மற்றதைக் காதில் வாங்குவார்.

தேர்தல் துறை பிரதமர் அலுவலகத்தின் கீழ்தானே இருக்கிறது என்ற கேள்விக்கும் அப்படித்தான். ஆமாம் என்றுவிட்டு, காலிப் பெட்டியைக் காட்டி முத்திரையிடுவதையும் சீட்டுகளை எண்ணுவதையும் எல்லா வேட்பாளர்களின் முகவர்களும் கூடவே இருந்து பார்க்கலாம் என்பதைச் சொல்லுங்கள்.

இப்போது களத்தில் இறங்குமுன் மலாய், சீன மூத்தோர் குழுக்களோடு ஒரே மேசையில் உட்காருகிறோம். கேள்விகளை அடுக்கி, நான்கு மொழியிலும் பதில் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். பாதி நேரம் சண்டைதான். ஆனாலும் கோப்பிக்கடையில் போய் மோதிக்கொள்வதைவிட அது தேவலாம். இவ்வளவுக்குப் பிறகும் அன்றைய ஒத்திகையில் ஒரு பெண் "அப்படி ஒண்ணும் இல்லீங்க பாட்டி" என்று தொடங்கியபோது நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மாதிரி எண்ணிக்கையை முடிவு என்று சொல்வது

முழு எண்ணிக்கை முடியுமுன், ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலிருந்தும் 100 சீட்டு எடுத்து எண்ணுவது அது. 95 விழுக்காடு நம்பிக்கையோடு, நான்கு விழுக்காட்டுப் புள்ளி கூடலாம் குறையலாம். 2011 அதிபர் தேர்தலில் முதல் இருவர் பெற்றது 35.20, 34.85 விழுக்காடு. அப்படிப்பட்ட இரவில் மாதிரி எண்ணிக்கை யாரையும் வெற்றியாளர் ஆக்காது. "முழுசா எண்ணட்டும்" என்பதோடு நிறுத்துங்கள்.

வாக்களிக்காவிட்டால் ஜெயில் என்று மிரட்டுவது

வாக்காளர் பதிவேட்டிலிருந்து பெயர் எடுக்கப்படும். திரும்பச் சேர்க்க விண்ணப்பிக்கலாம். வாக்களிக்காததற்குத் தக்க காரணம் இல்லையென்றால் அதற்கு 50 வெள்ளி கட்ட வேண்டும். நடப்பதை நடப்பதாகச் சொன்னால் போதும்.

எழுதி வைத்துப் படிப்பது

வேண்டாம். "வாக்களிப்பு நிலைய முகவர்" என்றால் பாட்டி விழிப்பார். "வேட்பாளர் பக்கத்துலேர்ந்து வந்து உக்காந்து பாக்குற ஆளு" என்றால் தலையாட்டுவார்.

குடியுரிமை இல்லாத தொண்டூழியர்கள்

தேர்தல் நடவடிக்கைகளில் குடிமக்கள் அல்லாதோர் பங்கெடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. விளக்கக் கூட்டம் அதில் சேருமா என்று வாதாட வேண்டாம். நாற்காலி அடுக்க வேறு ஆள் தேடுங்கள்.

வாக்களிப்புக்கு முந்திய நாள்

அன்று பிரசார ஓய்வு நாள். வாட்ஸ்அப் குழுவில் எதையும் தட்டிவிடாதீர்கள். குட்மார்னிங் ரோஜாப்பூவைத் தவிர.