பழைய ஆங்கிலேய வெள்ளி ஸ்பூன்: முத்திரை படிக்கப் பழகுவோம்

இங்கிலாந்தின் பழைய வெள்ளிச் சாமான்களைச் சேகரிக்க ஆசையா? ஸ்பூனில் தொடங்குங்கள். தேநீர்க் கெண்டி, மெழுகுவத்தித் தண்டு எல்லாம் கைக்கு எட்டாத விலைக்குப் போய்விடும். ஒற்றை ஸ்பூன் அப்படியல்ல, இருநூறு வயதானதுகூட ஓரளவு நியாயமான விலைக்குக் கிடைக்கும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் ஒன்றும் சின்னத் தராசும் போதும். காந்தத்தை நம்பவேண்டாம். வெள்ளி முலாம் பூசிய நிக்கல் கலவை ஸ்பூனிலும் அது ஒட்டாது.

படி 1: சிங்கம் இருக்கிறதா?

ஸ்பூனைக் குப்புறத் திருப்பி, தண்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். சின்னச் சின்ன முத்திரைகள் நாலைந்து இருக்கும். அவற்றில் ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் அது ஸ்டெர்லிங். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. 1544 முதல் இந்தச் சிங்கம் உண்டு. நடுவில் 1697 முதல் 1720 வரை மட்டும் தரத்தை 958-க்கு உயர்த்தினார்கள். அந்தக் காலத்து ஸ்பூனில் சிங்கத்துக்குப் பதில் பிரிட்டானியா என்ற பெண் உருவம் உட்கார்ந்திருக்கும்.

தனித்தனிக் கட்டங்களுக்குள் இ, பி, என், எஸ் என்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது முலாம். தூரத்திலிருந்து பார்த்தால், வெள்ளியின் தரத்தைச் சோதித்துக் குத்தும் ஹால்மார்க் முத்திரை போலவே தெரியும், அதற்காகவே அப்படிக் குத்தியிருக்கிறார்கள். பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் 1840-ல் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு இவை மலிந்துவிட்டன.

சிங்கம் இல்லை என்பதற்காக உடனே ஒதுக்கியும்விடாதீர்கள். மெட்ராஸ் பி.ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தா ஹாமில்டன் போன்ற கடைகளின் வெள்ளி இங்கிலாந்துச் சோதனைக் கூடங்களுக்குப் போனதில்லை. அவர்கள் தங்கள் முத்திரையைத்தான் குத்தினார்கள். அதைச் சேகரிப்பது வேறொரு தனி உலகம்.

படி 2: எந்த ஊர்?

சிறுத்தைத் தலை என்றால் லண்டன். நங்கூரம் பர்மிங்காம், கிரீடம் ஷெஃபீல்டு. இந்த இரண்டு கூடங்களும் 1773-ல் தொடங்கியவை. மூன்று கோட்டைகள் நியூகாசில், வாளும் கோதுமைக் கட்டுகளும் செஸ்டர்.

படி 3: ராஜா தலை

1784 டிசம்பர் முதல் 1890 வரை வெள்ளிக்கு வரி இருந்தது. வரி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் தலையைப் பக்கவாட்டில் குத்தினார்கள். இது காலத்தைச் சட்டென்று சுருக்கித் தந்துவிடும்.

படி 4: ஆண்டு எழுத்து

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கடைசியில் பார்ப்பதே சரி. காரணம் இருக்கிறது. லண்டனில் ஆண்டுக்கு ஓர் எழுத்து, ஒரு சுற்றுக்கு இருபது எழுத்துகள். 'ஏ' முதல் 'யு' வரை, 'ஜே' கிடையாது. சுற்று முடிந்ததும் எழுத்து வடிவத்தையோ கட்டத்தின் வடிவத்தையோ மாற்றி மறுபடி 'ஏ'யில் தொடங்குவார்கள். ஆக, ஒரே எழுத்து இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும்.

லண்டன் ஸ்பூனில் 'எச்' இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த மூன்று சுற்றுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், சின்ன எழுத்தாக இருந்தால் 1783 ஆகலாம், 1823-ம் ஆகலாம். பெரிய எழுத்தாக இருந்தால் 1803. இருநூறு ஆண்டு தேய்மானத்தில் பெரியது எது சின்னது எது என்று திணறத்தான் செய்வோம். மற்ற முத்திரைகளைக் கேளுங்கள். ராஜா தலை இல்லையா? 1783. தலையும் இருக்கிறது, சிறுத்தைக்குக் கிரீடமும் இருக்கிறதா? 1803. தலை இருக்கிறது, சிறுத்தைக்குக் கிரீடம் இல்லையா? 1823, லண்டன் சிறுத்தை 1821-ல் கிரீடத்தை இழந்துவிட்டது. அதே ஆண்டில் சிங்கமும் நம்மைப் பார்ப்பதை விட்டு நேரே முன்னால் பார்க்கத் தொடங்கியது. அப்புறம் என்ன சந்தேகம்?

லண்டனில் எழுத்து மாறியது மே மாதக் கடைசியில். அதனால் 1803 என்றால் 1803–04 என்று எழுதிக்கொள்வதே நேர்மை. ஊருக்கு ஊர் அட்டவணை வேறு, லண்டன் அட்டவணையை வைத்துக்கொண்டு பர்மிங்காம் ஸ்பூனைப் படிக்கக் கூடாது.

படி 5: செய்தவர் யார்?

மிச்சமிருப்பது பட்டறைக்காரரின் பெயர் முதலெழுத்துகள். கூட்டெழுத்தில் 'எச்.பி' என்றிருந்தால் ஹெஸ்டர் பேட்மன் ஆக இருக்கலாம்; கணவர் இறந்தபின் பட்டறையை ஏற்று, 1761-ல் தன் முத்திரையைப் பதிவு செய்தவர். இந்தப் பெயருக்கென்றே விற்பவர்கள் விலையை ஏற்றுவார்கள். அதே விலைக்கு, முத்திரை தெளிவாக உள்ள, பெயர் தெரியாத ஒருவரின் ஸ்பூனை வாங்குவேன் நான்.

படி 6: உருவமும் முத்திரையும் ஒத்துப்போகிறதா?

தண்டின் நுனி மேல்நோக்கி வளைந்தால் ஹனோவேரியன் பாணி, 18-ம் நூற்றாண்டின் முற்பாதிக்காரர்கள் விரும்பியது. அப்போது ஸ்பூனைக் குப்புறத்தான் மேசையில் வைப்பார்கள்; குடும்பச் சின்னம் பின்பக்கம் இருப்பது அதனால்தான். கீழ்நோக்கி வளைந்தால் ஓல்டு இங்கிலீஷ், சுமார் 1760-க்குப் பிறகு. பிடில் வடிவத் தண்டு 19-ம் நூற்றாண்டில் பரவியது. பிடில் தண்டில் 1740-ன் எழுத்து என்றால் கடைக்காரரிடம் வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள். 1780-களின் தொடக்கம் வரை முத்திரைகள் கிண்ணத்தை ஒட்டி, தண்டின் மெல்லிய பகுதியில் நசுங்கிக் கிடக்கும்; பிறகு நுனிப் பக்கம் ஏறின.

ஆறு ஸ்பூன் கொண்ட செட்டில் எல்லா முத்திரைகளும் இம்மி பிசகாமல் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் இருந்தால் அச்சில் வார்த்த போலி. கையால் குத்தியது அப்படி அமையாது. கிண்ணத்தில் பழங்கள் புடைத்து, தங்க முலாம் மின்னினால், அது பெரும்பாலும் விக்டோரியா காலத்தில் அலங்காரம் ஏற்றிய பழைய ஸ்பூன். முத்திரை உண்மை, அலங்காரம் பிந்தியது.

கடைசியாக, தண்டின் நுனியை விரலிடுக்கில் வைத்துத் தடவிப் பாருங்கள். ஓரிடம் மட்டும் மெலிந்திருந்தால் பழைய உரிமையாளரின் பெயரெழுத்தைச் சுரண்டியிருக்கிறார்கள். விலையைக் குறைத்துக் கேளுங்கள். வாங்கியதை இயந்திரத்தில் பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள், முத்திரைதான் முதலில் தேயும்.