பச்சைத் தண்ணீர் பச்சையாகாவிட்டால்: உரத்தைக் கொட்டுவதற்கு முன்

மீன் குஞ்சுகளுக்குத் தீனியாக டாப்னியா என்ற சின்னஞ்சிறு நீர்ப்பூச்சி போன்ற உயிரியை வளர்ப்பவர்கள் பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறோம். டாப்னியாவுக்குத் தீனி பாசி. அதனால் மூன்று மொட்டைமாடியிலும் ஒரு டப் நிறைய, பாசி வளர்ந்து பச்சையான தண்ணீர் இருக்கும், இருக்க வேண்டும். பச்சை வராவிட்டால் கை நேராக உர டப்பாவுக்குத்தான் போகும். போர் தண்ணீர் நிரப்பிய டப்பில் நான் முதலில் ஒரு சிட்டிகை அன்னபேதி (இரும்பு சல்பேட்) போட்டேன். மறுநாள் அடியில் துருப்பொடி. இரண்டு சிட்டிகை போட்டேன். துரு கூடியது, பச்சை வரவில்லை.

போட்டது எவ்வளவு என்று பார்த்தேனே தவிர, பாசிக்குக் கிடைத்தது எவ்வளவு என்று பார்க்கவில்லை. பாசி உறிஞ்சுவது கரைந்திருப்பதைத்தான். காற்றுப்பட்ட தண்ணீரில் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 7-ஐத் தாண்டினாலே அன்னபேதியின் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சீக்கிரம் துருவாகிப் படிந்துவிடும். இ.டி.டி.ஏ. போன்ற, உலோகத்தைப் பிடித்துவைக்கும் பொருட்களோடு பிணைந்த இரும்பு இன்னும் கொஞ்ச காலம் கரைந்தே நிற்கும். பாஸ்பேட்டுக்கும் இதே கதைதான். எங்கள் போர் தண்ணீரில் கால்சியம் அதிகம், வாளியில் படியும் வெள்ளைப் படலமே அதற்குச் சாட்சி. பி.எச். 9-ஐ நெருங்கும்போது பாஸ்பேட் அந்தக் கால்சியத்தோடு சேர்ந்து அடியில் உட்கார்ந்துவிடும். டி.ஏ.பி. (பாஸ்பேட் உரம்) போட்ட காசு வீண்.

அப்படி 9 வரை எப்படி ஏறுகிறது? பாசியேதான் ஏற்றுகிறது. வெயிலில் அது கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ள, பி.எச். மேலே போகும். இரவில் மூச்சு விடும்போது திரும்ப இறங்கும். ஆகவே விடியற்காலையில் மட்டும் அளந்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று நினைப்பது தவறு. மாலை நாலு மணிக்கும் ஒருமுறை அளக்க வேண்டும். உச்சத்தில் இன்னொரு சிக்கல். பி.எச். 8.3 அளவிலேயே கரைந்த கார்பன் பெரும்பாலும் பைகார்பனேட்டாகத்தான் இருக்கும். அதை எல்லாப் பாசியும் ஒரே மாதிரி பயன்படுத்திக்கொள்வதில்லை. உரம் நிறைய இருந்தும் கார்பன் பட்டினியில் டப் மந்தமாகக் கிடப்பது உண்டு.

நைட்ரஜன் விஷயத்தில் தவறு செய்தால் உயிர்ச்சேதம். அம்மோனியம் பாசிக்குப் பிடித்தது, ஏனென்றால் அப்படியே பயன்படும். நைட்ரேட்டை முதலில் செல்லுக்குள் மாற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு இரும்பும் மாலிப்டினமும் தேவை. இரும்பு துருவாகிப் போன டப்பில் நைட்ரேட் சும்மா கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படியென்றால் அம்மோனியம் உரமே போடலாமே? போடலாம், ஆனால் பிற்பகலில் போடாதீர்கள். பி.எச். ஏற ஏற அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும். 25 டிகிரி தண்ணீரில் பி.எச். 7 என்றால் இரண்டும் சேர்ந்த மொத்தத்தில் 1 சதவீதம்கூட நச்சு அம்மோனியாவாக இருக்காது. 9.25-இல் பாதி அம்மோனியா. டாப்னியா இருக்கும் டப்பில் அதைக் கலந்தால் அப்புறம் அழுது பயனில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் “ஆர்.ஓ. தண்ணிதான் சுத்தம்பா” என்று அதையே நிரப்பினார். சுத்தம்தான், கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் எல்லாமே பெருமளவு போய்விட்ட சுத்தம். தாங்கிப்பிடிக்க ஆள் இல்லாத பி.எச். அங்கே சின்ன உரத்துக்கே ஆட்டம் காணும்.

சோதனைக் கிட் பாஸ்பேட் ‘பூஜ்யம்’ காட்டினால் உடனே டி.ஏ.பி. தேடுவது எனக்கே இருந்த பழக்கம். பாசி தேவைக்கு மேல் பாஸ்பேட்டை இழுத்து உள்ளே சேமித்துக்கொள்ளும். தண்ணீரில் பூஜ்யம் இருக்க, பாசியின் வயிறு நிறைந்தே இருக்கலாம். ஏரியிலும் இப்படி ஒளிந்த சேமிப்பு உண்டு. அல்சூர் ஏரிக்கரையில் நடக்கிறவர்கள் “சாக்கடையை நிறுத்தினா அடுத்த மாசமே தெளிஞ்சிடும்” என்பார்கள். ஏரிகளில் வருடக்கணக்காகப் படிந்த சேற்றில் இரும்போடு பிணைந்த பாஸ்பரஸ் இருக்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் அது அவிழ்ந்து மேலே வரும். எனவே ஒரு மாதக் கணக்கெல்லாம் சரிப்படாது.

இப்போது நான் குழாயில் வரும் காவேரித் தண்ணீரை ஒரு நாள் வெயிலில் திறந்து வைத்துக் குளோரினைப் போகவிடுகிறேன். அதில் பாதிக்குப் பாதி போர் தண்ணீர். பழைய டப்பிலிருந்து இரண்டு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றுகிறேன். உரம் போடுவது விடியற்காலையில், காப்பிக்கு முன்னால், கொஞ்சமாக. அன்னபேதி டப்பா இப்போது கறிவேப்பிலைச் செடித் தொட்டிக்குப் பக்கத்தில்.