நிறுவனப் பெயர் எப்படி வந்தது? நீங்களே கண்டுபிடிக்கலாம்

அடிடாஸ் என்ற பெயர் ஓர் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளால் ஆனது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நாள் முழுக்க விளையாட்டைப் பற்றியே கனவு காண்கிறேன் என்று பொருள் வரும் வாக்கியம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கட்டுக்கதை. 1949இல் ஜெர்மனியில் அந்த நிறுவனத்தைப் பதிவு செய்தவர் அடால்ஃப் டாஸ்லர். அவருடைய செல்லப் பெயர் அடி. அதோடு டாஸ்லரில் பாதியைச் சேர்த்தால் அடிடாஸ். (அண்ணன் ருடால்ஃபும் இதே பாணியில் 'ருடா' என்றுதான் ஆரம்பித்தார். அது எடுபடவில்லை. பூமா என்று மாற்றிக்கொண்டார்.)

இந்த மாதிரிக் கதைகளில் ஏமாறாமல் இருக்க நான் பின்பற்றும் வழி இது.

படி 1: பிறந்தபோது என்ன பெயர்?

இப்போதைய பெயரை அப்படியே வைத்துக்கொண்டு தேடாதீர்கள். சோனி 1946இல் தொடங்கியபோது அதன் பெயர் டோக்கியோ சுஷின் கோக்யோ. 1955இல் சோனி என்ற பெயர் அவர்களுடைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் வந்தது. 1958இல்தான் நிறுவனமே அந்தப் பெயருக்கு மாறியது. பொருளுக்கு வைத்த பெயர் பிறகு நிறுவனத்துக்கும் ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடப்பதுதான். கேனான், ஜெராக்ஸ் கதையும் இதேதான். ஆகவே நிறுவனம் தொடங்கிய ஆண்டு, பெயர் வந்த ஆண்டு இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆளும் ஊரும்

அடுத்து, நிறுவனர் பெயரையும் தொடங்கிய இடத்தையும் எழுதி, நிறுவனத்தின் பெயரோடு ஒட்டிப் பாருங்கள். பாதிப் புதிர் இங்கேயே அவிழ்ந்துவிடும். நோக்கியா என்பது பின்லாந்தில் ஓர் ஊர். நிறுவனத்தின் பழைய மரக்கூழ் ஆலைகளில் ஒன்று அங்கேதான் இருந்தது.

நேரடியாகப் பொருந்தவில்லையா? நிறுவனரின் பெயரை மொழிபெயர்த்துப் பாருங்கள். டயர் நிறுவனமான பிரிட்ஜ்ஸ்டோனின் நிறுவனர் ஷோஜிரோ இஷிபாஷி. ஜப்பானிய மொழியில் இஷி என்றால் கல், ஹாஷி (சேரும்போது பாஷி) என்றால் பாலம். ஆங்கிலத்தில் மாற்றி, முன்பின்னாகத் திருப்பிவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆடி கார் கதை. ஆகஸ்ட் ஹோர்ஷ் தான் தொடங்கிய நிறுவனத்தை விட்டு 1909இல் வெளியேறிப் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். ஆனால் தன் சொந்தப் பெயரையே பயன்படுத்த முடியவில்லை, வழக்கிலும் தோற்றார். நண்பர் வீட்டில் உட்கார்ந்து வேறு பெயர் யோசித்துக்கொண்டிருந்தபோது, அங்கே லத்தீன் பாடம் படித்துக்கொண்டிருந்த பையன் ஒரு வழி சொன்னான். ஜெர்மனில் 'ஹோர்ஷ்' என்றால் 'கேள்'. அதே சொல் லத்தீனில் 'ஆடி'. பெயர் போயும் போகாமல் இருந்தது!

படி 3: அகராதியை நம்பலாம், அளவோடு

பொருள் பொருந்திவிட்டாலே அதுதான் மூலம் என்று முடிவு கட்டாதீர்கள். லத்தீனில் 'லெகோ' என்றால் 'நான் சேர்க்கிறேன்' என்று பொருள் கொள்ளலாம். கட்டைகளை அடுக்கும் பொம்மைக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? ஆனால் பெயர் வந்தது டேனிஷ் மொழியில் 'நன்றாக விளையாடு' என்னும் 'லெக் கோட்' என்பதிலிருந்து. 1930களில் பெயர் வைத்தபோது அவர்கள் செய்துகொண்டிருந்தவை மர பொம்மைகள். லத்தீன் பொருத்தம் தற்செயல்.

படி 4: எதுவுமே கிடைக்காவிட்டால்

சரி, ஆள், ஊர், அகராதி எதிலும் சிக்கவில்லை என்றால், அர்த்தமே இல்லாத பெயராக இருக்கலாம். கோடாக் அப்படித்தான். அதன் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மனுக்கு ஆங்கிலத்தின் 'கே' எழுத்து பிடிக்கும். அதை முன்னும் பின்னும் வைத்து, எந்த மொழியிலும் பொருள் இல்லாத ஒரு சொல்லை 1888இல் உருவாக்கினார்.

கடைசியாக, கிடைத்த விடையை வர்த்தக முத்திரைப் பதிவு, பழைய விளம்பரம், நிறுவனத்தின் வரலாற்றுப் பக்கம் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். பழைய ஆவணம் எதிலும் இல்லாமல், பல பத்தாண்டுகள் கழித்து முளைத்த கதை என்றால் சந்தேகப்படுங்கள்.

பழகிப் பார்க்க வால்வோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் கார் 1927இல் வந்தது. பெயர் அதைவிடப் பழையது. வைத்தது, இயந்திரங்களுக்கான பால் பேரிங் (குண்டுத் தாங்கி) தயாரிக்கும் ஒரு நிறுவனம். பேரிங் என்ன செய்யும் என்று யோசித்துவிட்டு, அப்புறம் லத்தீன் அகராதியைத் திறங்கள்.