ரைடு ஏறும் வயது வராத குழந்தையோடு தீம் பார்க்: ஒரு நாளை எப்படி நடத்துவது?

எங்கள் வீட்டில் பெரியவனுக்கு எட்டு வயது. சின்னவளுக்கு மூன்று நடக்கிறது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டுப் பக்கத்து ஊரான கொழிஞ்சாம்பாறையிலிருந்து எந்தப் பார்க்குக்குப் போனாலும் உள்ளே நுழைந்ததும் நாங்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுவோம். பெரியவனும் அவன் அப்பாவும் ரைடு வரிசைக்குப் போவார்கள், சின்னவளும் நானும் கீழே. அந்தக் கீழே இருக்கும் நேரத்தை என்ன செய்வது என்பதுதான் இந்தப் பதிவு.

"பாப்பா வளரட்டும், அப்புறம் போகலாம்" என்று சொல்லும் பெற்றோர் நிறைய பேர். அவர்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்: ரைடு ஒன்றுகூட ஏறாமலே இந்த வயதுக் குழந்தைக்கு அந்த நாள் நிறைவாக இருக்கும். ஆனால் அந்த நாளின் நேரத்தை ரைடுகளை வைத்துப் பிரிக்காமல், குழந்தையின் பசியையும் தூக்கத்தையும் வைத்துப் பிரிக்க வேண்டும்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு மாநில விடுமுறைகளும் நமக்குத் தெரியும். ஓணம் விடுமுறையில் கொச்சி, சாலக்குடிப் பக்கத்துப் பார்க்குகளில் கால் வைக்க இடமிருக்காது. அந்த நாட்களில் கேரளத்துக் குழந்தைகளுக்கு விடுமுறை என்றாலும் தமிழ்நாட்டுப் பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும். அப்போது மேட்டுப்பாளையத்தில் இருக்கும் பிளாக் தண்டர் பார்க்குக்குப் போகலாம். தமிழ்நாட்டில் காலாண்டு விடுமுறை விடும்போது இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். கிழமை என்று பார்த்தால் செவ்வாய், புதன் நல்லது. சின்னக் குழந்தைக்குக் கூட்டம் என்பது பெரியவர்களின் கால்கள் மட்டும் தெரியும் ஒரு இடம். கூட்டம் குறைந்தால்தான் அதற்குப் பார்க்கே கண்ணில் படும்.

மார்ச், ஏப்ரலில் வேண்டாம். பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும் மாதங்கள் அவை. மூன்று வயதுக் குழந்தையை அந்த வெயிலில் சிமெண்ட் தரையில் நடக்கவிடுவது சரியில்லை.

வாசலில் நடப்பது

டிக்கெட் பல இடங்களில் வயதை வைத்து இல்லை, உயரத்தை வைத்துத்தான். கொச்சி ஒண்டர்லா பார்க்கில் 85 செ.மீ. உயரத்துக்குக் கீழே இருந்தால் டிக்கெட் வாங்க வேண்டாம். இரண்டு வயதுக் குழந்தைகளின் சராசரி உயரமே ஏறக்குறைய அதுதான். அதனால் கிளம்புவதற்கு முன்பு செருப்பைக் கழற்றி, சுவரோடு நிறுத்தி அளந்துகொள்ளுங்கள். இதுபோன்ற விதிகள் மாறும் என்பதால் அந்த வாரத்தில் ஒரு முறை போன் செய்து கேட்டுவிடுவது நல்லது. அதே போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: குழந்தைக்குக் கொண்டுவரும் சாப்பாட்டை உள்ளே விடுவார்களா, பால் கொடுக்கவும் துணி மாற்றவும் தனி அறை உண்டா, குட்டிக் குழந்தைகளுக்கான தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கூரை இருக்கிறதா. மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் உங்கள் மதியம் எப்படிப் போகும் என்பதே அதில்தான் இருக்கிறது.

உள்ளே போனதும் குழந்தையை நிற்கவைத்துத் தலை முதல் கால் வரை ஒரு போட்டோ எடுங்கள். தொலைந்தால் "என்ன கலர் டிரஸ்?" என்ற கேள்விக்குப் பதற்றத்தில் பதில் வராது, போட்டோவைக் காட்டிவிடலாம். முன்கையின் உள்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் உங்கள் போன் நம்பரை எழுதுங்கள். பெயரை உடையின் வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை நம்பிவிடும். காணவில்லை என்றால் தேடிக்கொண்டே இருக்காமல் அருகில் நிற்கும் ஊழியரிடம் உடனே சொல்லி, வாசலைக் கவனிக்கச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அவசரத்துக்கு 112.

முதல் அரை மணி நேரம்: ஒன்றும் செய்யாதீர்கள்

காசு கொடுத்து வந்திருக்கிறோம் என்று உடனே ஓட ஆரம்பிக்கிறோம். குழந்தைக்கு அந்த இடத்தின் சத்தமே பெரிய விஷயம். ஒரு மர நிழலில், ராட்டினமோ குட்டி ரயிலோ தெரியும்படி உட்காருங்கள். ரைடு ஏறாத குழந்தைக்கு ரைடைப் பார்ப்பதே ஒரு விளையாட்டு. "சிவப்புப் பெட்டி எங்கே? இதோ வருது, வருது, போயிடுச்சு!" என்று நாலு சுற்று சொன்னால், ஐந்தாவது சுற்றில் அவளே சொல்வாள். அண்ணன் மேலே போகும்போது கை காட்டச் சொல்லி வையுங்கள். இவள் கீழே இருந்து கை காட்டுவாள். அண்ணனுக்கு மட்டும் கிடைத்தது, எனக்கு இல்லை என்கிற அழுகை இதனால் பெருமளவு குறைகிறது.

முயல், கரடி வேஷம் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். குழந்தையைத் தூக்கிக் கையில் கொடுத்துப் போட்டோ எடுப்பது எனக்குப் பிடிப்பதில்லை. முகம் அசையாத ஒரு பெரிய உருவம் அது, பயம் வருவது நியாயம். தூரத்தில் நின்று டாட்டா காட்டினால் போதும். கிட்டே போகலாமா என்பதைக் குழந்தையே சொல்லட்டும்.

தண்ணீர்: இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

முதலில் உடை. பெரும்பாலான பார்க்குகளில் பருத்தி உடையோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், நைலான் வேண்டும். முழுக்கை வைத்த நீச்சல் உடைதான் என் தேர்வு. வெயிலும் படாது, கரை ஏறியதும் சீக்கிரம் உலரும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும் போதும்.

டயபர் விஷயத்தில் பலருக்கும் குழப்பம். சாதாரண டயபர் தொட்டித் தண்ணீரை உறிஞ்சி உப்பி, கனம் தாங்காமல் இறங்கிவிடும். நீச்சல் டயபர் வேறு. ஆனால் அது சிறுநீரைப் பிடித்து வைக்காது, மலத்தைத்தான் ஓரளவு தடுக்கும். அதனால் காரிலேயே போட்டுவிட்டால் சீட் நனையும். தண்ணீரில் இறங்குவதற்குச் சற்று முன்னால் மாற்றுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலோ, இப்போதுதான் சரியாகியிருந்தாலோ, எந்த டயபரோடும் தண்ணீரில் இறக்காதீர்கள். குளோரினுக்கும் எளிதில் சாகாத கிருமிகள் உண்டு. அடுத்த குழந்தைக்குப் போய்விடும்.

இறங்கும் முன் உங்கள் வெறுங்காலால் தரையைத் தொட்டுப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் குழந்தையின் பாதம் கொப்புளித்துவிடும். இரும்புச் சறுக்கையும் அப்படியே கையால் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, கை நீட்டும் தூரம். கணுக்கால் அளவுத் தண்ணீரில்கூடக் குப்புற விழுந்த சின்னக் குழந்தை மூழ்கலாம். சினிமாவில் வருவதுபோல் கத்தவோ கையடிக்கவோ செய்யாது, சத்தமே இருக்காது. அதனால் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது என்பது பார்த்துக்கொள்வதே இல்லை. நீங்களும் தண்ணீருக்குள், கை எட்டும் இடத்தில். போன் பைக்குள். காற்றடைத்த கைப்பட்டையை நம்ப வேண்டாம். அது விளையாட்டுச் சாமான், உயிர் காக்கும் சாமான் இல்லை. உயிர்காப்பு ஊழியர் நின்றாலும் உங்கள் குழந்தைக்கு நீங்கள்தான் பொறுப்பு. ஆள் மாற்றும்போது "இப்ப நீ பாத்துக்கோ" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இருவரும் இருக்கும்போது ஒருவர் பார்ப்பார் என்று இன்னொருவர் நினைப்பதில்தான் ஆபத்து.

விளையாட்டுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் குவளை போதும். நான் பையில் எப்போதும் வைத்திருக்கும் ஒரே பொம்மை அதுதான். தொட்டியிலிருந்து மொண்டு தரையில் ஊற்றுவாள், மறுபடி மொண்டு என் கால்மேல் ஊற்றுவாள். நனைந்த காலோடு காய்ந்த சிமெண்டில் நடந்தால் பாதச் சுவடு விழும். திரும்பிப் பார்ப்பதற்குள் ஓரத்தில் இருந்து உலர ஆரம்பித்து, விரல்கள் முதலில் மறையும், கடைசியில் குதிகால். "எங்கே போச்சு?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த சுவடு வைப்பாள். நிழலான தரையில் இது மெதுவாக மறையும், வெயிலில் சட்டென்று மறையும். இரண்டையும் பார்க்க விடுங்கள்.

இறங்குவதைவிடக் கடினம் வெளியே வருவது. எங்களுக்கு வெகு நாள் பிடிபடாமல் இருந்த படி இதுதான். பதினைந்து, இருபது நிமிடத்தில் உதடு நீலமாகும், தாடை நடுங்கும், ஆனால் வரமாட்டேன் என்று அடம் பிடிப்பார்கள். "அஞ்சு நிமிஷம்" என்று சொல்வதில் பயனில்லை. நிமிடம் என்றால் என்னவென்று அந்த வயதுக்குத் தெரியாது. கண்ணால் பார்க்கிற முடிவாக இருக்க வேண்டும். நான் குவளையை அவள் கையில் கொடுத்து, "பத்து குவளை ஊத்திட்டு, அண்ணாவுக்குத் துண்டு கொண்டுபோய்க் கொடுக்கலாம்" என்பேன். எண்ணுவது அவள் வேலை. பத்தாவது முடிந்ததும் குவளையைக் கவிழ்த்து வைப்பதும் அவள் வேலை. கூடவே அடுத்து ஒரு வேலை காத்திருப்பது முக்கியம். வெறுமனே "போதும் வா" என்றால் எதையோ பிடுங்குகிறோம் என்றுதான் அவளுக்குப் படும். எண்ணத் தெரியாத குழந்தையிடம் வாளியை நிரப்பச் சொல்லுங்கள். நிரம்பினால் முடிந்தது.

வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். கனமான டர்கி டவலைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும். துவட்டலாம், மறைப்பாகப் பிடித்துத் துணி மாற்றலாம், விரித்துத் தூங்க வைக்கலாம், மடித்தால் உள்ளங்கை அளவுதான்.

சாப்பாடும் தூக்கமும்

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வீட்டில் எதைச் சாப்பிடுகிறதோ அதுவே. பொடி இட்லி, நேந்திரம்பழம் போதும். கேரளப் பக்கத்துக் கேண்டீனில் "சூடு வெள்ளம்" என்று கேட்டால் பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர் பெரும்பாலும் கிடைக்கும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும், அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் மட்டும் கலக்குங்கள்.

மதியத் தூக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் ஒரு மணிக்குத் தூங்கும் குழந்தை பார்க்கிலும் ஒரு மணிக்குத்தான் சரியும். பன்னிரண்டரைக்கே சத்தமில்லாத மூலையைப் பிடித்துவிடுங்கள். அலைக்குளத்துப் பக்கம் வேண்டாம், அங்கே அடிக்கும் சைரனுக்கு விழித்துவிடும். தூங்கும் நேரம் உங்கள் முறை. கணவரைக் காவல் வைத்துவிட்டு ஒரு ரைடு நீங்கள் போய் வரலாம்.

மாலையில் மணல், ஊஞ்சல், மீன் தொட்டி, எது கிடைக்கிறதோ அது. காலையில் பிடித்ததை மறுபடி கேட்டால் அதையே செய்யுங்கள். பெரியவர்களுக்குத்தான் புதிது புதிதாக வேண்டும்.

முதல் முறையா? மலம்புழாவில் ஒத்திகை பாருங்கள்

மூன்று மணி நேரம் காரில் உட்கார்ந்து கொச்சிக்குப் போகும் முன் இந்த முறையை ஒரு அரை நாள் மலம்புழா அணைப் பூங்காவில் செய்து பார்க்கலாம். 1955-ல் காமராஜர் திறந்து வைத்த அணை அது. பாலக்காடு அப்போது சென்னை மாநிலத்தில் இருந்தது. பூங்காவுக்குப் பக்கத்திலேயே சண்டிகர் பாறைத் தோட்டத்தைப் படைத்த நேக் சந்த் அமைத்த ராக் கார்டன் இருக்கிறது. உடைந்த வளையலும் ஓடும் பதித்த சுவர்களும் உருவங்களும் குழந்தையின் கண் உயரத்திலேயே உண்டு. "பச்சை வளையல் கண்டுபிடி" என்று ஆரம்பித்தால் ஒரு சுவரைத் தாண்டவே வெகு நேரமாகும். கைவைக்கும் இடத்தில் கூர்முனை இருக்கிறதா என்று மட்டும் முதலில் தடவிப் பாருங்கள். மீன் வடிவத்தில் கட்டிய மீன் காட்சியகமும் அருகில்தான். தொங்குபாலத்தில் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டே நடங்கள், இறக்கிவிட வேண்டாம்.

கொச்சிக்கே போகிறவர்களுக்கு வழியில் குதிரான் சுரங்கப்பாதை. 2021-ல் திறந்தது, ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நுழையும் முன் குழந்தையை எழுப்பிவிடுங்கள். சின்னவள் அந்த விளக்குகளைப் பற்றி இரண்டு நாள் பேசினாள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர், பாட்டி தாத்தாவைக் கூட்டிப் போனால் குழந்தையை அவர்களிடம் விட்டுவிடலாமே என்று கேட்டார்கள். மணலுக்கும் மீன் தொட்டிக்கும் சரி. தண்ணீருக்கு வேண்டாம். வழுக்கும் தரையில் அவர்களே கவனமாக நடக்க வேண்டியிருக்கும், ஓடும் குழந்தையைச் சட்டென்று பிடிக்கச் சொல்வது நியாயமில்லை.

இன்னொரு கேள்வி மழை பற்றி. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுப் பக்கம் தூறலில் விளையாடுவதில் தப்பில்லை, வெயில் இல்லாததால் குழந்தைக்கு அது சுகமாகவே இருக்கும். இடி கேட்டால் மட்டும் உடனே தண்ணீரை விட்டு வெளியே வந்து கூரையுள்ள கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி இறக்க வேண்டும். அதற்குள் குழந்தை தூங்கிவிட்டால் தூங்கட்டும்.