மீனவக் கிராமத்தில் படம் எடுக்க வருகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், மண்டபம் பக்கம் குறும்படம் எடுக்க வரும் தம்பிகளுக்கு இடம் பார்த்துக் கொடுப்பதும் நடிக்க ஆள் சேர்த்துக் கொடுப்பதும் என் வேலை. நிஜ இடங்களில் சாதாரண ஆட்களை வைத்து எடுத்த இத்தாலிய நியோரியலிசப் படங்களைப் பார்த்த சூட்டோடு வருகிறார்கள். செட் வேண்டாம், நடிகர் வேண்டாம், ஊரை உள்ளபடி எடுப்போம் என்கிறார்கள். சரி. லென்ஸில் உப்புக்காற்று படியும் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

கடலை வில்லனாக்குவது

இது இன்றும் எனக்கு எரிச்சல். புயல் வரும், அப்பா திரும்ப மாட்டார், அம்மா கரையில் நிற்பார். 1964 புயலில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கரை இது. கடல் கொல்லும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றாடம் கழுத்தைப் பிடிப்பது கடன். வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பிடித்ததை அவரிடமே போட வேண்டும். விலை சொல்வதும் அவர்தான்.

இத்தாலிய இயக்குநர் விஸ்கோந்தி 1948இல் 'லா தெர்ரா ட்ரேமா' படத்தை சிசிலியின் மீனவ ஊர் ஒன்றில், அந்த ஊர்க்காரர்களை வைத்தே எடுத்தார். அதிலும் புயலில் படகு உடைகிறது. ஆனால் அதற்கு முன்பே, வியாபாரிகளின் பிடியிலிருந்து விலக வீட்டை அடமானம் வைத்த கதை வந்துவிடுகிறது. கடைசியில் அதே வியாபாரிகளிடம் கூலிக்குப் போய் நிற்கிறார்கள்.

இங்கே ஒரு குழு, மீன் கூடை கரையேறியதும் 'கட்' சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனது. எடை போட்டதும் நோட்டில் கழித்து எழுதியதும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடந்தன. நடித்த பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, மீன் யாருக்குப் போச்சுன்னு காட்ட மாட்டாங்களா?" டைரக்டரிடம் சொன்னேன். "அது டாக்குமெண்டரி ஆயிடும்ணே" என்றார். வியாபாரியை விட்டுவிட்டால் உங்கள் படத்தில் மிஞ்சுவது வானிலை அறிக்கைதான்.

மே மாதம் வருவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். அந்த இரண்டு மாதம் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்று எடுப்பதானால் தாராளமாக வாருங்கள்.

பெண்களைக் கரையிலேயே நிறுத்துவது

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, முங்கிக் கடற்பாசி எடுப்பவர்கள் பெண்கள். தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறையிடம் கேட்காமல் கேமராவோடு போகாதீர்கள். மாட்டிக்கொண்டால் அந்தப் பெண்கள் பிழைப்பும் கெடும்.

டப்பிங்

வேண்டாம். இத்தாலிக்காரர்களே பல படங்களுக்குப் பின்னால்தான் குரல் சேர்த்தார்கள் என்று வாதாடுவீர்கள். அப்படியானால் இந்தப் பக்கத்துப் பேச்சு வர, பக்கத்து ஊரான தங்கச்சிமடத்து ஆளையே கூப்பிட்டுப் பேச வையுங்கள்.

கூலி

கடலுக்குப் போயிருந்தால் கிடைக்கும் பங்குக்குக் குறையாமல், முதல் நாள் சாயங்காலமே கையில் கொடுங்கள். பிரியாணி கணக்கில் சேராது.