ஆறடி ஆற்றுக்குப் போதாது: கொரோனா வசந்தத்தில் ட்ரவுட் பிடிக்கப் போகிறவர்களுக்கு

ஏப்ரல் பிறந்துவிட்டது. மத்திய பென்சில்வேனியாவின் ஆற்றங்கரைகளில் இந்த 2021-லும் புது முகங்கள் நிறையத் தெரிகின்றன. போன வருடம் அலுவலகம், ஜிம், தியேட்டர் எல்லாம் மூடிக் கிடந்தபோது வீட்டை விட்டு வெளியே வர ஒரு வழி வேண்டியிருந்தது. பலர் மீன்பிடி லைசென்ஸ் எடுத்தார்கள். நம்மவர்களும் எடுத்தார்கள். எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. ஆனால் ஃப்ளை ஃபிஷிங்கில் கால் வைக்கிற எல்லாரும் செய்கிற பழைய தவறுகளையே அவர்களும் திரும்பச் செய்கிறார்கள். முடிச்சு அவிழ்வது, மரக்கிளையில் தூண்டில் முள் மாட்டிக்கொள்வது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். அடுத்தவருக்கும் மீனுக்கும் கெடுதல் செய்கிற தவறுகள் அப்படிச் சரியாவதில்லை. யாராவது சொன்னால்தான் உண்டு.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ட்ரவுட் குளிர்ந்த, ஓடுகிற, சுத்தமான நீரில் வாழும் மீன். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது இந்தக் குடும்பத்து மீனைத்தான். ஃப்ளை ஃபிஷிங்கில் புழு கிடையாது, ஈயக் குண்டு கட்டி எறிவதும் கிடையாது. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த பொய் ஈக்கு எடையே இருக்காது. கனமான லைனை முதலில் முதுகுக்குப் பின்னால் நீட்டி, பிறகு முன்னால் விசிறினால் அந்த லைனின் எடைதான் ஈயை இழுத்துக்கொண்டு போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

விடியற்காலையில் போய் நிற்பது

மீன் பிடிக்க விடியலில் போக வேண்டும் என்ற எண்ணம் எல்லார் மனதிலும் ஊறிப்போயிருக்கிறது. ஜூலையில் சரி. ஏப்ரலில் வீண். இரவுக் குளிரில் தண்ணீர் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கிட்டே இறங்கியிருக்கும். தண்ணீரின் சூடுதான் ட்ரவுட்டின் உடல் சூடு. குளிரில் அதற்குச் செரிமானம் மந்தம், பசியும் குறைவு. மடுவின் அடியில் அசையாமல் கிடக்கும். வெயில் ஏறித் தண்ணீர் 50-ஐ, அதாவது 10 செல்சியஸை, நெருங்கும்போதுதான் அடியில் இருக்கிற பூச்சிகளும் அசையும், மீனும் அசையும். காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பினால் போதும். விடியலிலேயே வந்து வண்டி நிறுத்தும் இடத்தை அடைத்துக்கொண்டவர்கள் ஒன்றும் கிடைக்காமல் மதியம் வரை காத்து நிற்கிறார்கள். மதியம் வருகிறவர்களோடு சேர்ந்து அதே இடத்தில் கூட்டம் கூடிவிடுகிறது.

பெல்ஃபான்ட் பக்கத்து ஸ்ப்ரிங் க்ரீக் போன்ற சுண்ணாம்புக்கல் ஓடைகள் வேறு மாதிரி. அவற்றுக்கு ஊற்று நீர் வருவதால் சூடு அவ்வளவாக ஏறி இறங்காது. மலை ஓடைகள் பனி உருகிப் பெருகிக் கலங்கியிருக்கும் நாளிலும் இங்கே பிடிக்கலாம். அது எல்லாருக்கும் தெரியும் என்பதால் நெரிசலும் இங்கேதான்.

ஆறடி விட்டேனே என்பது

கொரோனா பரவாமல் இருக்க ஆளுக்கு ஆள் ஆறடி இடைவெளி விடச் சொன்னார்கள் அல்லவா, அதைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத நினைத்தேன். ஒரு வருடம் ஆகியும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

போன ஏப்ரல் கடைசி. லிட்டில் ஜூனியாட்டா ஆறு. என்னோடு வேலை பார்க்கிற தம்பி ஒருவன் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டான். அவன் வண்டியில் அவன், என் வண்டியில் நான் என்று போனோம். மதியம் இரண்டு மணி இருக்கும். தண்ணீர் 52 டிகிரி. ஹென்ட்ரிக்சன் என்கிற மேஃப்ளை கிளம்புகிற பருவம் அது. முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்புமே, அப்படி ஆற்றின் அடியில் வளர்ந்த பூச்சிகள் ஒரே நேரத்தில் மேலே வரும். வந்ததும் பறந்துவிடாது. சாம்பல் நிறச் சிறகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அது காயும்வரை தண்ணீரின் மேலேயே மிதந்து போகும். பழுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த உடம்பு, ஏறத்தாழ விரல் நகத்தின் நீளம். குளிர்காலம் முழுக்க அரைப்பட்டினி கிடந்த பெரிய மீன்கூட அப்போது மேலே வரும்.

அங்கே பெரியவர் ஒருவர் கரையில் உட்கார்ந்திருந்தார். தூண்டில் கோலை மடியில் குறுக்கே வைத்திருந்தார். அவருக்கு எதிரே, நீட்டிக்கொண்டிருந்த வேருக்குக் கீழே, ஓட்டம் தணிகிற இடத்தில் ஒரு மூக்கு மட்டும் வெளியே வந்து ஒரு ஈயை உறிஞ்சிவிட்டு உள்ளே போனது. சின்ன வளையம், அவ்வளவுதான். சத்தமே இல்லை. சின்ன மீன் துள்ளித் தண்ணீரைத் தெறிக்க வைக்கும். பெரிய மீன் இப்படித்தான் சாப்பிடும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மீன் தொடர்ந்து, ஒரே தாளத்தில் சாப்பிடத் தொடங்கிய பிறகு வீசலாம் என்று காத்திருந்தார். நான் காலில் பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் தம்பி அவருக்குச் சற்று மேலே, ஓட்டம் வருகிற பக்கத்தில், முழங்கால் ஆழத்தில் இறங்கிவிட்டான். கலங்கிய மண் கோடாக இறங்கி நேரே அந்த வேருக்கு அடியில் போனது. வளையம் நின்றது. பிறகு வரவே இல்லை.

பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து, லைனைச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே நடந்துவிட்டார்.

"ஆறடிக்கு மேலதானே அண்ணா விட்டிருக்கேன்? முப்பதடியாவது இருக்குமே?" என்றான் தம்பி. அவனுக்குப் புரியவே இல்லை.

"ஆறடி மூச்சுக்கு. ஆத்துக்குக் கணக்கு வேற. அவர் சும்மா உட்காரலப்பா, மீன் பிடிச்சுட்டுத்தான் இருந்தார்" என்றேன்.

தொற்றுக்காகச் சொன்ன அளவை ஆற்றிலும் போதுமானது என்று எடுத்துக்கொண்டதுதான் பெரிய தவறு. முதலில், வீசும்போது லைன் முன்னால் நாற்பதடி போனால் பின்னாலும் ஏறத்தாழ அவ்வளவு போகும். அதன் நுனியில் முள் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஒருவர் நிற்கிற இடம் மட்டும் அவருடைய இடம் ஆகாது. அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் பிடிக்கப்போகிற தண்ணீரும் அவருடையது. ட்ரவுட் எதிரோட்டத்தைப் பார்த்துத்தான் நிற்கும் என்பதால், உலர் ஈ, அதாவது தண்ணீர் மேலே மிதக்கிற ஈ, போடுகிறவர் பெரும்பாலும் அதன் பின்னாலிருந்து மேல்நோக்கி நகர்வார். ஸ்ட்ரீமரையோ (சின்ன மீன் போலச் செய்தது) ஈர ஈயையோ (தண்ணீருக்குள் மூழ்குவது) ஓட்டத்தின் குறுக்கே விட்டு இழுக்கிறவர் கீழ்நோக்கி இறங்குவார். அவர் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துத் தண்ணீரில் நீங்கள் காலே வைக்கக் கூடாது. அவருக்குப் பின்னால் விட்டுப்போன தண்ணீரில், அதுவும் நல்ல தூரம் தள்ளி இறங்கலாம். சின்ன ஓடை என்றால் அதுவும் வேண்டாம்; அடுத்த வளைவைத் தாண்டிப் போய்விடுங்கள்.

தெரியவில்லையா? கரையிலேயே நின்று, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "மேலே போகிறீர்களா, கீழே போகிறீர்களா?" என்று கேளுங்கள். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்விக்கு யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பலர் கூப்பிட்டு, "அந்தப் பாறைக்கு மேலே போங்க, அங்கே ஒரு மீன் இருக்கு" என்றுகூடச் சொல்வார்கள். அவரைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் கரையை விட்டு விலகி, உங்கள் நிழல் தண்ணீரில் விழாதபடி சுற்றிக்கொண்டு போங்கள். குறுகலான பாதையில் எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நின்று வழி விடுங்கள்.

கரையில் உட்கார்ந்திருப்பவர் விஷயத்தை இன்னொரு தடவை சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்களில் பாதிப்பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். மிரண்ட மீன் அடங்கட்டும் என்று அவர் மடுவுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருக்கலாம். ஈ கிளம்பக் காத்திருக்கலாம். ஹென்ட்ரிக்சன் பருவம் ஓர் ஆற்றில் சில வாரம்தான்; ஒரு நாளில் நல்ல நேரம் ஒன்றிரண்டு மணிதான். அதைப் பறிகொடுத்தவருக்கு மறுபடி அடுத்த வருடம்தான்.

லிட்டில் ஜூனியாட்டா பொது ஆறு என்று 2007-ல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு, நமக்கெல்லாம் அதனால்தான் அங்கே இடம். ஆனால் "பொது ஆறுதானே" என்று சொல்லிக்கொண்டு இன்னொருவர் மடுவில் இறங்குகிறவர்களைப் பார்க்கும்போது மனம் நொந்துபோகிறது.

கூட்டத்தைப் பற்றி அரசும் கவலைப்பட்டது. பென்சில்வேனியாவில் ட்ரவுட் சீசன் திறக்கிற நாள் என்றால், பண்ணை மீனைக் கொண்டுவந்து விட்ட ஓடைகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். 2020-ல் அந்த நாள் ஏப்ரல் 18 என்று இருந்தது. கூட்டம் கூடக் கூடாது என்பதற்காக மீன்வளத் துறை முன்கூட்டிச் சொல்லாமல் ஏப்ரல் 7 காலை 8 மணிக்கே சீசனைத் திறந்துவிட்டது. வாஷிங்டன் மாநிலமோ மார்ச் கடைசியில் மீன்பிடிப்பையே மூடி, மே தொடக்கத்தில்தான் திறந்தது. எங்களுக்கு ஆறு திறந்தே இருந்தது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டியது கரையில் நிற்கிறவர்களின் பொறுப்பு.

நிறுத்த இடமில்லாத இடத்தில் வண்டியைச் செருகுவது

இரண்டு வண்டி நின்றால் அடுத்த இடத்துக்குப் போங்கள். ஆறு நீளமானது.

மரத்தில் ஊதாக் கோடு

2020 ஜனவரி கடைசியிலிருந்து பென்சில்வேனியாவின் பெரும்பாலான மாவட்டங்களில் மரத்தில் ஊதா நிறக் கோடு பூசியிருந்தால் "உள்ளே வராதே" என்று அர்த்தம். பலகை இருக்க வேண்டியதில்லை. யாரோ அழகுக்குப் பூசியது என்று நினைத்துத் தாண்டாதீர்கள். ஆறு பொதுவாக இருந்தாலும் கரை ஒருவருடைய தோட்டமாக இருக்கலாம். கூட்டமும் குப்பையும் சேர்ந்தால் இத்தனை நாள் சும்மா விட்ட நிலக்காரரும் மூடிவிடுவார். அப்படி மூடினால் மறுபடி திறப்பது அபூர்வம்.

கையைக் கழுவிவிட்டு பூட்ஸை விட்டுவிடுவது

ஸ்ப்ரிங் க்ரீக்கில் 2013-ல் நியூசிலாந்து மண் நத்தை கண்டுபிடிக்கப்பட்டது. அரிசி மணி அளவுதான், அதைவிடவும் சின்னதாக இருக்கும். ஒரே ஒரு நத்தை போதும், இணை இல்லாமலே பெருகும். ட்ரவுட்டின் உணவான பூச்சிகள் மேய்கிற பாசியை அது மேய்ந்துவிடும். பூட்ஸின் நாடாவிலும் அடியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த ஓடைக்குப் போகும். வீட்டில் தெளிக்கிற கிருமிநாசினியை நம்பாதீர்கள். சேற்றைத் தேய்த்துக் கழுவி, பூட்ஸையும் வேடரையும் (ஆற்றில் இறங்கப் போடுகிற, மார்பு வரை வரும் நீர் புகாத உடை) ஃப்ரீசரில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். ஓர் இரவு முழுக்க வைப்பது உத்தமம். வீட்டில் திட்டு விழும். பரவாயில்லை, பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். ஒரே நாளில் இரண்டு ஓடைக்குப் போகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

சரளைக்கல் மேல் நடப்பது

ப்ரவுன் ட்ரவுட்டும் ப்ரூக் ட்ரவுட்டும் அக்டோபர், நவம்பரில் சரளையைக் குடைந்து முட்டையிடும். குஞ்சு குளிர்காலம் முடிகிறபோதுதான் பொரிக்கும். பொரித்த பிறகும் வயிற்றில் கருவுணவுப் பையோடு கல் இடுக்கிலேயே சில வாரம் இருக்கும். மார்ச்சிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் நீங்கள் மிதிப்பது அதன் மேல்தான். இலையுதிர் காலத்தில் முட்டையிட்ட இடம் சுத்தமாகப் பளிச்சென்று தெரியும். வசந்தத்துக்குள் பாசி படர்ந்து அடையாளம் போய்விடும். ஆகவே மடு முடிந்து தண்ணீர் ஆழம் குறைகிற இடத்தில், கோலிக்குண்டிலிருந்து எலுமிச்சை அளவு வரை கற்கள் பரவியிருந்தால், சந்தேகமே வேண்டாம், கரையில் நடங்கள்.

பெல்ட் கட்டாமல் இறங்குவது

கூடாது. வேடருக்குள் வசந்தகால ஆறு புகுந்தால் எழுந்து நிற்பதே கஷ்டம்.

கொடுக்கிற பழக்கத்தை விட்டுவிடுவது

"என்ன ஈ போடுகிறீர்கள்?" என்று கேட்டவருக்குப் பெட்டியைத் திறந்து ஒன்றைக் கொடுப்பது இந்த ஆறுகளில் ரொம்ப நாள் பழக்கம். கொரோனாவுக்குப் பயந்து பலர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்கிறார்கள். அது வேண்டாம். ஈயை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு ஆறடிக்கு மேல் பின்வாங்குங்கள், அவர் வந்து எடுத்துக்கொள்வார். பெரியவர்கள் எங்களுக்கு இப்படிக் கொடுத்துத்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

அதே மாதிரி, கோபர்ன் போன்ற சின்ன ஊர்களுக்குத் தொலைவிலிருந்து போகிறவர்கள் முகக்கவசம் இல்லாமல் கடைக்குள் நுழையாதீர்கள். இந்தக் கொரோனாக் காலத்தில் ஃப்ளை கடைகளில் பல, போனில் சொன்னால் வாசலிலேயே கொண்டுவந்து தருகின்றன.

சானிடைசர் கையோடு மீனைத் தொடுவது

மீனின் உடம்பில் இருக்கிற வழவழப்புதான் அதற்குத் தோல் மேல் தோல். உலர்ந்த கை பட்டாலே அது உரிந்துவிடும். சானிடைசர் தடவிய கையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கையை ஆற்றில் நன்றாக அலசி நனைத்துக்கொண்டு தொடுங்கள். முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கிற எதிர்முள்ளை இடுக்கியால் முன்பே அமுக்கி வைத்திருந்தால் வலைக்குள்ளேயே கழற்றிவிடலாம். படம் வேண்டுமென்றால் முதலில் கேமராவைத் தயார் செய்யுங்கள், அப்புறம் மீனைத் தூக்குங்கள், சொட்டுகிற தண்ணீர் நிற்பதற்குள் திரும்ப விட்டுவிடுங்கள்.

ஸ்ப்ரிங் க்ரீக்கில் ரசாயனக் கழிவு கலந்ததால் 1982 முதல் மீனை வீட்டுக்குக் கொண்டுபோகத் தடை. அதற்குப் பிறகு யாரும் கொண்டுவந்து விடாமலே காட்டு ப்ரவுன் ட்ரவுட் அங்கே பெருகியது. ஆக, நீங்கள் திரும்ப விடுகிற மீனை அடுத்த வாரம் இன்னொருவர் பிடிப்பார்.

ஜூனிலும் இதே மாதிரி போவது

தண்ணீர் 68 டிகிரியை, அதாவது 20 செல்சியஸைத் தொட்டால் நிறுத்திவிடுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த மீன் நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பிறகு செத்துவிடலாம். தெர்மாமீட்டரை ஒரு நூலில் கட்டி வேடரில் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள், இறங்கியதும் முதல் வேலையாகப் பாருங்கள்.