மாருதி 800: ஒரு பல் தப்பிய டைமிங் பெல்ட்டைச் சரிசெய்தல்

வீட்டிலேயே ஹெட் கேஸ்கெட்டோ முன் ஆயில் சீலோ மாற்றிய பிறகு வண்டி எளிதில் ஸ்டார்ட் ஆகவில்லை, ஐடிலில் நடுங்குகிறது, மேட்டில் இழுவை இல்லை என்றால், டைமிங் பெல்ட் (கிராங்க்ஷாஃப்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் இணைக்கும் பல் பெல்ட்) ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்புரேட்டர் வைத்த பழைய 796 சிசி, 3 சிலிண்டர், 6 வால்வு இன்ஜினுக்கான முறை இது.

பலரும் ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம்ஷாஃப்ட். கேம் ஒரு பல் பிந்தினால் ஸ்பார்க்கும் கூடவே பிந்தும். கிராங்க் புல்லியில் 20 பல் இருந்தால் ஒரு பல் என்பது கிராங்கில் 18 டிகிரி. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் ஸ்பார்க் சரியாகிவிடும், வால்வு சரியாகாது. வண்டி ஓரளவு ஓடுவதால் உண்மையான கோளாறு மறைந்துபோகும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, 3 ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள். கம்ப்ரஷன் இல்லாததால் கிராங்க் கையில் லேசாகச் சுற்றும். கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, புல்லிப் பக்கமிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் மட்டும் திருப்புங்கள். எங்காவது தட்டி நின்றால் பலம் கொடுக்காதீர்கள். ஸ்டார்ட்டரால் ஒருபோதும் சுற்றிப் பார்க்க வேண்டாம்.

குறி பார்ப்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். வெளியே ஃபேன் பெல்ட் ஓடும் புல்லியில் ஏதாவது வெட்டு தெரிந்தால் ஏமாறாதீர்கள். அதை வைத்து டைமிங் பெல்ட்டைப் போடக் கூடாது. வெளிப்புல்லியையும் கவரையும் கழற்றினால், உள்ளே சிறிய பல் புல்லியில் புள்ளியாகக் குத்திய குறி தெரியும். அது ஆயில் பம்ப் உறையில் உள்ள அம்புக்குறிக்கு நேராக வர வேண்டும். அதே நேரத்தில் கேம் புல்லியின் குறி, எதிரே அசையாத பகுதியில் உள்ள குறிக்கு நேராக நிற்க வேண்டும். அந்த நிலைக்குறி ஹெட் கவரில் இருந்தால், ஹெட் கவரைத் திறந்த பிறகு குறி பார்ப்பதற்கு மட்டும் அதைத் தற்காலிகமாக மேலே வையுங்கள்.

பெல்ட்டை எடுக்கும் முன் ஹெட் கவரைத் திறந்து, ராக்கர் கைகளில் உள்ள 6 டேப்பெட் ஸ்க்ரூக்களையும் (வால்வு இடைவெளியை வைப்பவை) நன்றாகத் தளர்த்துங்கள். சோம்பலில் பலரும் விட்டுவிடும் வேலை இது. தளர்த்தாவிட்டால் வால்வு ஸ்பிரிங் கேமைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குறி நிற்காது, டென்ஷனும் பொய்யாகக் காட்டும்.

பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டைக் கழற்றி, இரு குறிகளையும் தனித்தனியே நேராக்குங்கள். பிறகு பெல்ட்டை, டென்ஷனர் இல்லாத பக்கம் சிறிதும் தொய்வில்லாமல் மாட்டுங்கள். தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் போக வேண்டும். டென்ஷனர் இல்லாத பக்கத்தில் தொய்வு மிஞ்சினால், குறி இப்போது நேராகத் தெரிந்தாலும் கிராங்கைச் சுற்றியதும் ஒரு பல் விலகிவிடும்.

டென்ஷனர் ஸ்பிரிங்கை மாட்டி, போல்ட்டை இறுக்காமலேயே கிராங்கைக் கடிகாரச் சுற்றில் முழுதாக 2 சுற்று திருப்புங்கள். கிராங்க் 2 சுற்று என்றால் கேம் 1 சுற்று, ஆகவே இரு குறிகளும் மீண்டும் ஒன்றாக நேருக்கு வர வேண்டும். வந்தால் அங்கேயே டென்ஷனரை சர்வீஸ் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்கி, இன்னொரு முறை 2 சுற்று திருப்பிப் பாருங்கள். வராவிட்டால் பெல்ட்டைக் கழற்றி முதலிலிருந்து தொடங்குங்கள். பல் மேல் பல் தள்ளி நகர்த்தப் பார்த்தால் பெல்ட்தான் நாசமாகும்.

எவ்வளவு கவனமாகப் போட்டும் குறி தவறிக்கொண்டே இருந்தால் கிராங்க் புல்லியின் சாவியை (புல்லியை ஷாஃப்டில் நகராமல் பூட்டும் சிறு உலோகத் துண்டு) பாருங்கள். சாவியோ அதன் பள்ளமோ தேய்ந்திருந்தால் புல்லி ஷாஃப்டில் அசையும். பெல்ட்டில் எண்ணெய் பட்டிருந்தால் அதைத் துடைத்துப் போடாமல் புதிய பெல்ட் போடுங்கள், கசியும் சீலையும் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, குளிர்ந்த இன்ஜினில் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 6 டேப்பெட்டையும் செட் செய்து ஹெட் கவரை மூடுங்கள். முன்பே யாராவது டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியிருந்தால், வண்டியை ஸ்டார்ட் செய்து டைமிங் லைட்டால் இக்னிஷனையும் மறுபடி வையுங்கள்.